வேலி எங்கே முடிகிறது

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், தோட்டத்து மூலையில் குழி வெட்டி மாட்டுக் கொம்புகளைப் புதைத்துக்கொண்டிருந்தேன். மலைமாட்டுக்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"என்னா தம்பி, யாருக்குச் செய்வினை?"

"செய்வினை இல்லண்ணே. கொம்புச் சாண உரம். பங்குனியில எடுத்து வயலுக்குத் தெளிக்கணும்."

"இம்புட்டுக் கொம்புக்குள்ள இருக்கிற சாணி வயலுக்குக் காணுமா? அப்ப நாங்க வருஷா வருஷம் கெடை போடுறது என்னத்துக்காம்?"

கேலியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அது கேலியாக முடியவில்லை.

உயிராற்றல் வேளாண்மை, அதாவது பயோடைனமிக், 1924 ஜூனில் பிறந்தது. இன்று போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஸ்டெய்னர் விவசாயிகளுக்கு எட்டு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஈன்ற பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் வைக்க வேண்டும். பிறகு ஏக்கருக்கு 25 கிராம் எடுத்து, பதிமூன்று லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். சுழி விழுந்ததும் எதிர்ப்பக்கம் திருப்பிக் கலக்க வேண்டும். சாயங்காலம் தெளிக்க வேண்டும். தேனிப் பக்கம் அந்த மாதிரிக் குளிர்காலம் ஏது? ஐப்பசியில் புதைத்துப் பங்குனியில் எடுப்பது என்று ஒரு மாதிரி பொருத்திக்கொள்கிறோம்.

பலன் உண்டா என்று கேட்பார்கள். சுவிட்சர்லாந்தில் 1978 முதல் நடக்கும் ஒப்பீட்டு ஆய்வின் முடிவுகள் 2002இல் வந்தன. இயற்கை முறை நிலங்களில் விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு, ஆனால் மண்ணில் உயிர் அதிகம். அதில் எருவின் பங்கு எவ்வளவு, கொம்பின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது லேசல்ல. கலிபோர்னியாவின் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இந்தத் தயாரிப்புகளை இட்ட இடத்தையும் இடாத இடத்தையும் ஒப்பிட்டார்கள். முதல் ஆறு வருஷத்தில் மண் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2005இல் எழுதினார்கள். அப்புறம் ஏன் செய்கிறேன்? அந்த ஒரு மணி நேரம் வேறு எங்கும் போகாமல் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அதனால். சப்பைக்கட்டு என்பாள் என் மனைவி. இருக்கலாம்.

என்னை உறுத்துவது கொம்பு அல்ல, ஸ்டெய்னர் சொன்ன இன்னொன்று. பண்ணை தன்னளவில் முழுமையான ஓர் உயிர். அதற்கு வேண்டிய எருவை அதற்குள் வாழும் மாடுகளே தர வேண்டும். வெளியிலிருந்து வரும் எரு, நோய்ப்பட்ட பண்ணைக்குக் கொடுக்கும் மருந்து மாதிரிதான். இதை ஒழுக்க விதியாகவே எடுத்துக்கொண்டு மூன்று ஏக்கரைச் சுற்றியும் வேலி போட்டேன். வேலிக்குள் நான் சுத்தம். நாலு மாடும் வாங்கிக் கட்டினேன்.

ஆனால் நான் இருப்பது சின்னமனூர்ப் பக்கம். என் நெல்லுக்கு வரும் தண்ணீர் 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையுடையது. அணை இருப்பது கேரளத்தில். மலையைக் குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவந்த தண்ணீர் அது. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகத்துக்கு, அணையில் இருப்பு இருந்தால் ஜூனில் திறந்துவிடுவார்கள். தண்ணீர் அப்படி என்றால் எரு மலையிலிருந்து நடந்து வந்தது. காட்டில் மேய்ந்த மலைமாடுகள் அறுப்பு முடிந்ததும் கீழே இறங்கும். ராத்திரி வயலில் கிடை போடுவார்கள். காட்டுப் புல் விடியும்போது சாணமாகவும் கோமியமாகவும் வயலில் கிடக்கும். இதை 'வெளி எரு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வயலின் உடம்பு எப்போதும் மலை வரைக்கும் நீண்டுதான் இருந்திருக்கிறது. வேலிதான் புதுசு.

அந்த உடம்பு இப்போது அறுபடுகிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் எங்கள் மலைமாட்டுக்காரருக்குத் தெரிந்த மேய்ச்சல் எல்லாம் அதற்குள்தான். "காடு புலிக்குங்கிறாக. சரி, புலிக்கே இருக்கட்டும். எம்மாடு எங்கிட்டுப் போகும்?" என்கிறார். பாதிக்கு மேல் விற்றுவிட்டார்.

அவர் பக்கம் நின்று கோஷம் போடுவது எனக்குச் சுலபம். ஆனால் என் வயலின் உடம்பு மலை வரை என்று சொன்னால், அந்த உடம்பில் புலியும் உண்டு, மானும் உண்டு. வைகைக்குத் தண்ணீர் தருவதும் அந்த மலைதான். மாட்டு நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும் என்பதும் பொய்யல்ல. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள், சேர்ந்தவை ஒன்றை ஒன்று நெருக்கும் என்பதைச் சொல்வதில்லை.

கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர்தான். மழை மாதத்தில் அடிச்சாம்பல் நோய் வரும், மருந்து அடிப்பார்கள், காற்றில் என் பக்கம் வரும். ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். அந்தத் தம்பி அமைதியாகச் சொன்னான்: "அண்ணே, ஒங்க நெல்லுக்குக் கூடுதல் வெலை தர்றாக. எனக்கு ஒரு மழை கொலையத் தட்டுச்சுன்னா வட்டிகூடக் கட்ட முடியாது."

பதில் இல்லை. சுத்தமாக இருப்பதற்கு எனக்குச் சம்பளம் வருகிறது. அவனுக்கு வருவதில்லை. நான் செய்திருக்க வேண்டியது அவனிடம் மருந்து அடிக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது, முடிந்தால் என் கூடுதல் விலைக்கு அவனையும் ஒரு வழியில் சேர்ப்பது. முதலாவதைச் செய்துவிட்டேன். காற்று இல்லாத விடியலில் அடிக்கிறான். இரண்டாவது இன்னும் பேச்சளவில் இருக்கிறது.

மலைமாட்டுக்காரருக்கு இந்த வருஷக் கிடைக் கூலியை முன்கூட்டியே கொடுத்தேன். ஒன்றரை ஏக்கர் வைக்கோலை விற்காமல் அவருக்கே விட்டேன். நாற்பது மாட்டுக்கு அது எத்தனை நாளைக்கு? அவரும் நானும் கணக்குப் போட்டோம், இரண்டு பேரும் வெளியே சொல்லவில்லை. நெல் வாங்குகிறவர்களின் படிவத்தில் 'எரு: சொந்தம் / வெளி' என்று கட்டம் இருக்கிறது. 'வெளி' என்று குறித்தேன். ஏன் என்று கேட்டு போன் வந்தது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பங்குனியில் கொம்பைத் தோண்டியபோது அவரும் வந்திருந்தார். உள்ளே இருந்ததைக் கிள்ளி மோந்து பார்த்தார். "சாணி நாத்தமே இல்லையே, மண்ணு வாசமாவுல இருக்கு" என்றார். பிறகு வெறும் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒங்க மாட்டோடது இல்லையே?"

"வாங்குனதுண்ணே."

"எந்த ஊரு மாடு?"

எனக்குத் தெரியவில்லை. கொம்பைக் கையில் கொடுத்துவிட்டு, கிடை வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்று கேட்டார்.