இளமைத் துயரும் ஆர்த்த தியானமும்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாசுவாமி முனிவர் தியானத்தை நான்காக வகுக்கின்றார். அவற்றுள் முதலாவது ஆர்த்த தியானம். விரும்பாதது வந்து சேர்ந்தவிடத்து, அது எவ்வாறு நீங்கும் என்று அதனையே ஓயாது எண்ணுதல் அதன் ஒரு வகை. மனச்சோர்வுற்றோரிடம் மருத்துவர் காணும் சுழலெண்ணம் இதற்கு மிக நெருங்கியது.

இதன் வேர் பெரும்பாலும் இளமையில் உள்ளது. வீட்டில் குடியும் அடியும் கண்ட குழந்தை, பெரியவர் தவறு செய்தார் என்று கருதுவதில்லை. தன்னால்தான் நேர்ந்தது என்றே கருதும். அளவுகோல் மேசைமேல் விழும் ஓசைக்கே நடுங்கிய மாணவியரை வகுப்பறையில் கண்டிருக்கிறேன்; அவர்கள் மந்தபுத்தியினர் அல்லர். 1998-இல் ஃபெலிட்டி, ஆண்டா முதலிய அமெரிக்க மருத்துவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, இளமைத் துன்பங்களின் வகை கூடக்கூடப் பிற்காலத்தில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் கூடக் கண்டனர்.

நம்மவருள் சிலர் இத்தகைய குழந்தையிடம், "உன் பழவினை, அனுபவி" என்கின்றனர். இஃது அறமன்று. வினைக்கொள்கை தன்னைத் தான் ஆராய்தற்கு உரியது; பிறர் தலையில் சுமத்துதற்கு அன்று. அடித்தவனிடத்தும் அக்கணமே புதுவினை ஊறுகின்றது என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர்!

சீவக சிந்தாமணியை நோக்குங்கள். தந்தை சச்சந்தன் கட்டியங்காரனால் கொல்லப்பட, சுடுகாட்டில் பிறந்தவன் சீவகன். கந்துக்கடன் என்னும் வணிகனின் இல்லத்தில் அன்பில் வளர்ந்தான். கல்வி நிரம்பிய பின்னரே ஆசிரியர் அச்சணந்தி அவனுக்கு அவ்வரலாற்றை உரைத்தார். கேட்டவன் மயங்கி வீழ்ந்தான், தெளிந்து வெகுண்டெழுந்தான். ஆசிரியர், "மறந்துவிடு" என்று கூறவில்லை. ஓராண்டு பொறுத்திருக்குமாறு வேண்டி, உறுதி பெற்றார். பின்னர்ப் போர் நிகழ்ந்தது உண்மையே. ஆயினும், உண்மையைச் சொல்லும் காலமும், சொல்பவரின் அன்பும், சினம் தணியத் தந்த அவகாசமும் ஆசிரியர், பெற்றோர் யாவரும் பயிலத் தக்கவை.

"நான் எதற்கும் உதவாதவள்" என்னும் எண்ணம் எழுந்தால், அதற்குச் சான்று உண்டா என வினவச் சொல்கிறது, 1960-களில் ஆரன் பெக் வகுத்த மருத்துவ முறை. ஒரு கோணமே முழு உண்மை ஆகாது என்னும் அனேகாந்தம் பயின்ற நமக்கு இஃது அரிதன்று. எனினும் பாவனை மருத்துவத்திற்கு மாற்றாகாது. உறக்கமிழந்து உயிர்வாழ்வை வெறுப்பவரிடம், "சாமாயிகம் செய்" என்று மட்டும் கூறி அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் எண் 14416. துன்புறும் குழந்தைகளுக்கு 1098. இரண்டையும் பாடசாலைச் சுவரில் எழுதி வைக்கலாம்.