நாகமான் வீட்டுச் சிறுபெண்



2 இராஜாக்கள் 5-ம் அதிகாரத்தை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! யோர்தானில் ஏழு முழுக்கு, குஷ்டரோகம் நீங்கின நாகமான்... அந்த வீட்டு வேலைக்காரச் சிறுபெண்ணை இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டுப் போய்விடுவேன். அவளோ இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட பிள்ளை. சுகமான நாகமான், எலிசாவிடம் இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண் கேட்டான். பிள்ளையை அவள் தாயிடம் அனுப்பினானா? வேதம் சொல்லவில்லை. அவள் பேரும் இல்லை.

இது என் இருதயத்தில் குத்தினது, எகிப்து தேசத்து ஷைமா ஹாலின் சரித்திரத்தை வாசித்தபோதுதான். 8 வயதில் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்கு விட்டார்கள். 2000-ல் அந்தக் குடும்பம் அவளை அமெரிக்காவுக்கு, கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனது. கார் ஷெட்டில் ஜன்னலில்லாத அறையில் படுக்கை. பள்ளிக்கூடம் கிடையாது. அவள் துணியை மட்டும் தனியாய் வாளியில் துவைக்கணுமாம். 2002 ஏப்ரலில் யாரோ ஒருவர் தகவல் கொடுத்தார். அதிகாரிகள் வந்து மீட்டார்கள். ஆங்கிலம் தெரியாத பிள்ளை அங்கேயே படித்தாள். வேலை வாங்கினவர்கள் சிறைக்குப் போனார்கள். 2011-ல் அமெரிக்கக் குடியுரிமை; 2014-ல் தன் கதையைப் புத்தகமாகவே வெளியிட்டாள்.

யாரோ ஒருவர்! அங்கேதான் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

பல வருஷங்களுக்கு முன் சிட்லபாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டில் வேலைக்குப் பத்து வயசுப் பிள்ளை. விடியற்காலை 5 மணிக்குத் துணியைக் கல்லில் அடிப்பாள். அந்தச் சத்தம்தான் என் ஜெபத்துக்கு அலாரம்! என் மனைவி பொறுக்காமல் பேசினபோது, "அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதுக்கு? சும்மா இரு" என்றேன். ஒருநாள் மதில் சுவரோரம் நின்று, "ஐயா, உங்க பாப்பாவோட பழைய புக் இருந்தா தாங்களேன்" என்று கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. எங்கே அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.

14 வயசுக்குட்பட்ட பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதல் நம் தேசத்தில் சட்டப்படி குற்றம். 1098-க்குப் போன் போட்டால் போதும், காசு ஆகாது. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் வீட்டு ஜெபத்துக்குப் போகிறோமே, "தூரத்துச் சொந்தம்" என்று ஒரு பிள்ளை நமக்குக் காபி கொண்டுவந்து வைத்தால், எந்த ஸ்கூல், எந்த கிளாஸ் என்று கேளுங்கள். விசுவாசி வீடானாலும் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவளுக்காக ஜெபிக்கிறோம். பேர் தெரியாததால் "சிட்லபாக்கத்துப் பிள்ளை" என்றே சொல்கிறேன்.