பாதி அந்நியம்

1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூஜைக் காலம் என்பதால் துர்கா என்று அழைத்தார்கள். சோதனைக் குழாயில் உருவான கருவை 53 நாள் உறையவைத்துப் பாதுகாத்து, அதன்பின் தாயின் கருப்பையில் சேர்த்திருந்தார் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். மாநில அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. 1981-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தைக்குக் காரணமானவர் என்று அதுவரை பெயர் பெற்றிருந்த ஆனந்த் குமாரே, 1997-இல் அவருடைய குறிப்புகளைப் படித்துவிட்டு, அந்தப் பெருமை முகோபாத்யாய்க்கே சேரும் என்று அறிவித்தார்.

ஊர் ஏற்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்த அந்தக் கருவைத் தாயின் உடல் சில நாட்களிலேயே ஏற்றுவிட்டது.

எந்தக் கருவிலும் பாதி, தந்தையின் மரபு. வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் எதிர்க்கிற உடல், கருவை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? 1953-இல் உயிரியலாளர் பீட்டர் மெடவார் இதைக் கேட்டார். நோய் எதிர்ப்புச் செல்கள் அந்த நேரத்தில் ஒதுங்கிவிடும் என்றுதான் தோன்றும். நடப்பதோ நேர்மாறு. முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உட்சுவரில் இயற்கைக் கொல்லி செல்கள் கூட்டமாகத் திரள்கின்றன. பெயருக்கு மாறாக, அவை கருவைக் கொல்வதில்லை. சுருள் சுருளான ரத்த நாளங்களின் தசைச் சுவரைத் தளர்த்தி அகலமாக்க உதவுகின்றன. அந்த வழியாகத்தான் நஞ்சுக்கொடிக்குத் தாயின் ரத்தம் தாராளமாகப் பாய்கிறது. இந்தச் செல்கள் இல்லாத எலிகளில் நாளங்கள் குறுகலாகவே நின்றுவிட்டன.

கருவின் சொந்த எதிர்ப்புச் செல்களான விழுங்கு செல்களுக்கும் இப்படிக் கட்டும் வேலை உண்டு. விரல்களுக்கிடையே மடிந்த செல்களை அகற்றுகின்றன. மூளையில் குடியேறி, வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிக்கின்றன.

தன்னுடையது எது, அந்நியம் எது என்ற கேள்வி புதிதல்ல; 'நான்' எங்கே முடிகிறது என்பது நம் தத்துவங்களின் தீராத வழக்கு. இரண்டாவது பொருளே இல்லை என்றார் சங்கரர். உயிர் இறைவனோடு ஒரே பொருளாகிவிடுவதும் இல்லை, பிரிந்து நிற்பதும் இல்லை என்றது சைவ சித்தாந்தம். நுண்ணோக்கி இதில் எந்தத் தரப்புக்கும் தீர்ப்பு எழுதவில்லை. எழுதியதாகச் சொன்னால் அறிவியலுக்கும் அநியாயம், சமயத்துக்கும் அநியாயம். ஆனால் சாதித் தூய்மையும் மதத் தூய்மையும் பேசுகிறவர்கள், அந்நியத்தை விரட்டுவதே உடலின் இயல்பு என்று வாதிடும்போது மறுத்தாக வேண்டும். 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த பிறகும் தாயின் ரத்தத்தில் ஆண் கருவின் செல்களைக் கண்டது. அத்தனை காலமும் அவளுடைய எதிர்ப்புச் செல்கள் அதே ரத்தத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தன.