கருவியில் தெரியும் ஊர்

கொண்டப்பநாயக்கன்பட்டியைச் செயற்கைக்கோள் படத்தில் தேடினால் மலைதான் முதலில் கண்ணில் படும். சேலம் மாநகரிலிருந்து வடக்கே நெருக்கியடித்து வரும் வீடுகள் சேர்வராயன் மலையின் காலடியில் சட்டென்று நின்றுவிடுகின்றன. ஏற்காட்டுச் சாலை பச்சைக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. படத்தை மேற்கே கொஞ்சம் நகர்த்தினால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். வெள்ளைக்கல் என்று உள்ளூரார் சொல்லும் மேக்னசைட்டை வெட்டியெடுத்த சுரங்கங்கள் அவை. கூகுள் எர்த்தில் காலத்தைப் பின்னால் தள்ளி, 1984 முதல் ஆண்டு ஆண்டாக அந்தத் திட்டுகளைப் பார்த்து வரலாம். ஒரு தலைமுறைக் காலத்தில் மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை அரை நிமிடத்தில் பார்த்துவிட முடிகிறது.

இன்றைக்கு அடிவாரத்து ஊர் ஒன்றில் இருக்கும் பள்ளி மாணவி தன் ஊரைப் பற்றி அறியப் புறப்பட்டால், அந்தக் காலத்துத் தாசில்தாருக்கே எட்டாத செய்திகள் அவள் கைப்பேசியில் கிடைக்கும். பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் எல்லாம் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் இருக்கின்றன. எந்தப் புல எண் ஓடைப் புறம்போக்கு, எது ஏரிப் புறம்போக்கு என்று அவளே பார்த்துக்கொள்ளலாம். இஸ்ரோவின் புவன் தளம் நிலத்தைக் காட்டும். பக்கத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் எந்தப் பறவை எந்த மாதம் வந்தது என்பதை இ-பேர்ட் தளத்தில் பறவை ஆர்வலர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாள்களில் பறவைக் கணக்கெடுப்பும் நடந்து வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகள் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலும் இருக்கிறது: வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது.

இவ்வளவையும் படித்து முடித்தவள் தன் ஊரை அறிந்தவள் ஆகிவிடுவாளா? இது தொழில்நுட்பம் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. அறிவு என்றால் என்ன, அறிபவருக்கும் அறியப்படுபவருக்கும் இடையே இருப்பது என்ன என்று தமிழ் மரபு நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்விதான், இப்போது புதிய இடத்தில் வந்து நிற்கிறது.

தொல்காப்பியம் நிலத்தை மூன்று அடுக்காகப் பார்த்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கருப்பொருள். மனிதரிடையே நிகழும் கூடலும் பிரிவும் காத்திருப்பும் ஊடலும் உரிப்பொருள். இணையம் முதற்பொருளில் கெட்டி. அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறது. கருப்பொருளிலும் வேகமாக நிரம்பி வருகிறது. உரிப்பொருளுக்குத்தான் அங்கே கட்டமே இல்லை.

கருப்பொருள் வரிசையில் வியக்க வைப்பது ஒன்று உண்டு. பறவைக்கும் மரத்துக்கும் பக்கத்திலேயே தெய்வத்தையும் ஊரின் பொருளாக வைத்திருக்கிறார்கள். அப்படியானால் தெய்வத்தையும் பதிவேட்டில் ஏற்றிவிடலாமா?

சேர்வராயன் மலை வரைபடத்தில் ஒரு பெயர், ஓர் உயரம். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சேர்வராயன் என்பது குகைக்குள் வீற்றிருந்து மலையைக் காக்கும் தெய்வம். ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே திருவிழா நடக்கிறது. மலையின் பெயரும் சாமியின் பெயரும் அவர்களுக்கு ஒன்றே. வரைபடத்தில் மலைக்கு ஒரு குறி, கோயிலுக்கு இன்னொரு குறி என்று பிரித்துத்தான் போட முடியும். கும்பிடுகிறவருக்கு அந்தப் பிரிவே கிடையாது.

இதைவிடச் சிக்கலான ஒன்று சேலம் நகருக்குள்ளேயே நடந்தது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. அங்கிருக்கும் சிலை புத்தருடையது என்று ஒரு புத்த அறக்கட்டளை 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் சொன்னபடி தொல்லியல் துறை சிலையை ஆய்ந்தது. அர்த்த பத்மாசனம், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காதுகள். துண்டான தலையைச் சிமெண்டால் ஒட்டியிருந்தார்கள். சிலை புத்தருடையதே என்றது அறிக்கை. 2022 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறை பொறுப்பில் எடுக்கவும், பூசையை நிறுத்தவும் உத்தரவிட்டது.

சிலையைப் பற்றிய உண்மை வெளிவர வேண்டியதுதான். தமிழகத்தில் பௌத்தம் தழைத்திருந்த சுவடுகள் பல மறைந்தும் மறைக்கப்பட்டும் போயின. அவற்றில் ஒன்று தன் பெயரைத் திரும்பப் பெற்றது நியாயம். ஆனால் தலைமுறைகளாக அங்கே நேர்ந்துகொண்டவர்கள், காதுகுத்து நடத்தியவர்கள், பிள்ளைக்கு முனியப்பன் என்று பேர் வைத்தவர்கள் கும்பிட்டது எதை? கல்லுக்கு வரலாறு இருப்பதைப் போலவே கும்பிட்டதற்கும் வரலாறு இருக்கிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்ற திறந்த வரைபடத்தில் வழிபாட்டிடத்தைக் குறிக்கும்போது ‘மதம்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு சொல்லைத்தான் எழுதுகிறார்கள். பெரியேரிக்கு அங்கே என்ன எழுதுவது? ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு, ஒரு கோணத்தில் நின்று சொல்வது அந்தக் கோணத்துக்கு மட்டுமே உண்மை என்று சமணர்கள் அநேகாந்தவாதமாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதற்கு இடம் தரும் வரைபடம் இன்னும் வரவில்லை.

சேலம் நாட்டுக்கு இப்படி எண்ணப்படுவதும் எழுதப்படுவதும் புதிதல்ல. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடு இங்கே பொறுப்பேற்றார். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். வயல் வயலாக அளந்து, விவசாயி ஒவ்வொருவரோடும் தனித்தனியே வரியைத் தீர்க்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. இன்று கைப்பேசியில் தெரியும் புல எண்ணுக்கு அந்த அளவையை ஒரு முன்னோடி எனலாம்.

நிலத்தை அளந்த கை பிறகு ஆளையும் அளந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்து சாதிகளை வகைப்படுத்தினார். 1909இல் அவருடைய நூல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. 1911இல் குற்றப் பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குலத்தில் பிறந்ததே குற்றம் என்றாகி, அதில் பிறந்தவர்களுடைய விரல் ரேகை பதியப்பட்டது, அவர்கள் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டியிருந்தது. 1947இல் மாகாண அரசு சட்டத்தை நீக்கியது. ஆனாலும் அந்தச் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டோரைக் குறிக்கும் சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் மேல்நாடு குறவர்’, ‘சேலம் உப்புக் குறவர்’ என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர்களை அந்தச் சட்டம் ஒரு பதிவேட்டின் துணையோடு குற்றவாளிகளாக்கியது. பதிவேட்டில் எழுதியவர் அவர்களில் ஒருவரோடு உட்கார்ந்து பேசியிருந்தாலும் அந்தச் சொல் அங்கே ஏறியிருக்காது என்று நம்பலாம்.

பறவைக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. மூக்கனேரி நாரையைக் கரையில் நின்று எண்ணுவதால் அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது. எண்ணுவதால் நன்மையும் உண்டு: 2010இல் சேலம் மக்கள் குழு அந்த ஏரியைத் தூர்வாரி, நடுவே திட்டுகள் அமைத்து மரம் நட்டது; அதன் பலனைப் பறவைப் பட்டியலிலும் தேடிப் பார்க்கலாம். மனிதரோ பதில் சொல்லத் தெரிந்தவர். பதில் சொல்லக்கூடிய ஒருவரை, பதிலே கேட்காமல் அறிய முயல்வது அவரைப் பொருளாக்குவது. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம் ஒன்றைப் பதிந்தால், வேட்டைக்காரர் கண்ணில் படாதபடி அதன் சரியான இடத்தைத் தளமே மங்கலாக்கிவிடுகிறது. ஓர் எறும்புத்தின்னிக்குக் கிடைக்கும் இந்த மறைவு, தனியாக வாழும் ஒரு விதவைக்கு வாக்காளர் பட்டியலில் கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்கள். தன் தெருவை ஆராயும் ஒருவரின் மனத்துக்குள் அந்தத் தீர்ப்பு இறங்கியாக வேண்டும்.

அதற்காகக் கருவியைப் பழிக்க வேண்டியதில்லை. உயிருக்குத் தரப்பட்டவை தனு, கரணம், புவனம், போகம் என்கிறது சைவ சித்தாந்தம்: உடல், கருவி, உலகம், நுகர்வு. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் கொஞ்சமாவது காண்பதற்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தந்தவை இவை. விடியும்வரை எரியும் விளக்கைப் போல என்று அந்த மரபே உவமை சொல்கிறது. நாம் வாழும் இடமும் அதை அறியும் கருவியும் ஒரே வரிசையில் கொடையாக வருகின்றன. கருவி வழியே வரும் அறிவுக்குப் பாசஞானம் என்று பெயர். அதற்கு அடுத்த படியாகிய பசுஞானத்தில், ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்று உயிர் தன்னையே முன்னால் நிறுத்திக்கொள்கிறது. திரைமுன் தனியே உட்கார்ந்து தெருவை வீடு வீடாகப் படிப்பவருக்கு இந்த இரண்டாவது நிலைதான் பெரிய கண்ணி.

13ஆம் நூற்றாண்டில் 12 நூற்பாக்களில் சிவஞானபோதத்தை அமைத்த மெய்கண்டாரின் மரபு, உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகும் என்று கொள்கிறது. அறிவதால் அறிபவரும் மாறுகிறார். பட்டியலையே சார்ந்திருப்பவர் கணக்கர் ஆவார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, “இந்த ஓடை முன்னே எங்கே போச்சுங்க, பெரியவரே?” என்று கேட்பவரிடம், “அது இருக்கட்டும், நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று பெரியவரும் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே ஓடையின் கதை வரும்.

இப்படி இரு பக்கமும் பேசி எழுதுவதற்குச் சட்டத்திலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகளில் குழு அமைத்து, உள்ளூர் மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும்: மரம், பயிர், மீன், மூலிகை, அவற்றைப் பற்றி ஊரார் வைத்திருக்கும் அறிவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31ஐக் கெடுவாக வைத்தபோது, நாட்டின் பல இடங்களில் அவை அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. மலையடிவாரத்து ஊர்கள் இந்தப் பதிவேட்டை நிதானமாக மறுபடி கையில் எடுக்கலாம். தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் அதில் ஒன்று. மாணவி கைப்பேசியில் திரட்டிய புலப்படத்தையும் பறவைப் பட்டியலையும் தாளில் அச்சிட்டு அந்தக் கூட்டத்தில் உரக்கப் படிக்கட்டும். ஓடை இந்தப் பக்கம் வரவே இல்லை என்று ஒருவர் மறுக்கட்டும். பச்சிலை வைத்தியம் தெரிந்த பாட்டி, தன் பெயரைப் போட வேண்டாம், மருந்தை மட்டும் எழுதிக்கொள் என்று சொன்னால் அப்படியே எழுதட்டும்.