பசித்தபின் உண்பது யார் கையில்?

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, வளி முதலிய மூன்றும் (வாதம், பித்தம், கபம்) மிகுவதாலோ குறைவதாலோ நோய் வருகிறது என்கிறது. முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவாக உண்பவருக்கு மருந்தே வேண்டாம் என்பது அதன் துணிபு. அப்படியானால் வயிற்றுப் பொருமல் உண்பவரின் ஒழுக்கக் குறைவா?

இலங்கை மலையகத்தின் டிக்கோயாத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கேள்வி கனமானது. கொழுந்து பறிக்கும் பெண் உண்ணும் வேளையைப் பசி தீர்மானிப்பதில்லை. பிரட்டும் (காலையில் ஆள் திரட்டி வேலை பிரித்தல்) கொழுந்து நிறுவையும்தான் தீர்மானிக்கின்றன. விடியலில் வெறும் வயிற்றில் சாயத் தேத்தண்ணி. பிறகு மலையில் அவசரமாக விழுங்கும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். அவசரத்தில் காற்றும் உள்ளே போகிறது. கோதுமையிலும் பருப்பிலும் சமிபாடு அடையாமல் எஞ்சும் சில மாச்சத்துகளைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து வாயுவாக்குகின்றன. தன் வேளையைத் தானே தெரிவுசெய்ய முடியாதவர் மீது இதைக் குற்றமாகச் சுமத்துவது அநீதி. அளவாக உண்பது அறம் என்றால், ஆறியிருந்து உண்ண நேரம் விடுவது வேலை வாங்குபவரின் அறம். குறள் பேசாத இந்தப் பாதியே இங்கு முதன்மையானது.

கைக்கு எட்டும் நிவாரணங்களும் உண்டு: மென்று தின்பது, பருப்பை ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுவது, உண்டபின் சிறிது நடப்பது. இஞ்சியோ ஓமமோ கொதிக்கவைத்த நீர் பலருக்கு இதம் தருகிறது. விடாத வலி, காரணமில்லாத மெலிவு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றை வாயு என்று ஒதுக்காமல் வைத்தியசாலைக்குப் போவதே முறை.