கழிவுக் கணக்கு

வீட்டின் பின்புறத்தில் முயல்களைக் கூட்டில் வளர்த்து, இனம் பெருக்கி, கண்காட்சிக்குக் கொண்டு சென்று பரிசு பெறுதல் அறத்திற்கு ஒத்ததா என்னும் வினாவை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். “முயலை அடிப்பாரில்லை, அறுப்பாரில்லை; புல்லும் நீரும் இட்டுச் செல்லமாய்ப் பேணுகின்றனர்; இதில் குற்றம் எங்கே வந்தது?” என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயின் அதற்குரிய விடை கூட்டின் தூய்மையில் இல்லை. எந்த ஆணோடு எந்தப் பெட்டையைச் சேர்ப்பது என்னும் கணக்கில் இருக்கிறது.

நம் காட்டில் ஓடும் முயல் வேறு, கூட்டு முயல் வேறு என்பதை முதலில் அறிதல் வேண்டும். காட்டு முயலின் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறக்கும். கூட்டு முயலோ ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டு வளை முயலின் வழிவந்தது. ஏறக்குறைய 31 நாள் சூலிருந்து ஈனும் அதன் குட்டிக்கு மயிரும் இராது, பார்வையும் இராது. கண் திறக்கப் பத்து நாள் செல்லும். இதனை அழகுக்காக வளர்க்கும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓங்கியது. தொங்கு காது முயலின் காதுகளை நுனிக்கு நுனி அளந்து பெருமை பேசினர். அவ்வளவை இன்றும் நின்றபாடில்லை. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண்காட்சியொன்றில் அளக்கப்பட்ட முயலின் காதளவு 79 சென்டிமீட்டர். தரையில் இழுபடும் காது முயலுக்கு வேண்டியதா? தொங்கும் காதின் துளை நெருக்குண்டு, அழுக்குத் தேங்கி, நோவு தருதல் நிமிர்ந்த காது முயல்களினும் மிகுதி என்று இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர் 2019-இல் எழுதினர். இது ஒருபுறம் இருக்க.

நம் வினாவின் ஆழம் நெதர்லாந்துக் குள்ள முயலில் விளங்கும். உருண்டைத் தலையும் குட்டைச் செவியும் உடையது. வளர்ந்த பின்னும் குழந்தைபோல் தோன்றுவது. அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் 1969-இல் இதனை ஓர் இனமாக ஏற்றது. இரண்டரைப் பவுண்டுக்கு மேல் எடை நின்றால் அது பரிசுக்கு ஆகாது. இக்குள்ளத்தன்மை மரபணு ஒன்றில் நேர்ந்த இழப்பால் வருவது என்பதை 2017-இல் கண்டறிந்தனர். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அவ்விழப்பைப் பெற்ற குட்டி குள்ளமாகும். இருவரிடமிருந்தும் பெற்ற குட்டி பிழையாது. மிகச் சிறுத்து, இடுப்பு சூம்பி, சில நாளில் மடியும். வளர்ப்போர் அதற்கு ‘நிலக்கடலை’ என்று பெயர் வைத்துள்ளனர். பெயர் வைக்கும் அளவுக்கு அது வழக்கமான நிகழ்ச்சி என்பதை அன்பர்கள் கருதுக.

இனிக் கணக்கைப் பார்ப்போம். குள்ளத்தோடு குள்ளத்தைச் சேர்த்தால் நூறு குட்டியில் ஏறக்குறைய 50 குள்ளம், 25 சற்றுப் பெரியவை, 25 சாவன. குள்ளத்தோடு அதே குடியில் பிறந்த பெரிய பெட்டையைச் சேர்த்தாலோ 50 குள்ளம், 50 பெரியவை. மரபால் விதிக்கப்பட்ட அச்சாவு ஒன்றேனும் இல்லை. குள்ளம் இரு வழியிலும் ஐம்பதே! அங்ஙனமாயின் முதல் வழியை ஒருவன் ஏன் கொள்கிறான்? இரண்டும் பரிசு முயலானால் தலையும் உருவும் இன்னும் திருத்தமாய் வரும் என்பான்; இருக்கலாம். சொல்லாத காரணம் மற்றொன்றும் உண்டு. உயிரோடிருக்கும் பெரிய குட்டிக்குக் கூடு வேண்டும், புல் வேண்டும், ஏற்கும் வீடு வேண்டும். செத்த குட்டி எதுவும் கேளாது.

நாம் நூற்பாலையில் பல்லாண்டு உழைத்தவர். பஞ்சுப் பொதியை உடைக்குமுன்பே இதில் இத்தனை பங்கு கழிவு என்று ஏட்டில் எழுதிவிடுவர். பஞ்சுக்கு அக்கணக்குத் தகும், அது நோவறியாது. ஒரு வளைக்குள் துடிக்கும் நான்கு உயிரில் ஒன்றை, அது கருவாகுமுன்பே, கழிவு என்று எழுதிவைத்தல் தகுமோ?

“காட்டிலும் குட்டிகள் சாகின்றனவே” என்பர். காட்டில் இணைசேர்ப்பவன் ஒருவன் இல்லை, இங்கே உளன். “கொல்லும் எண்ணம் எமக்கில்லையே” என்பர். மெய்தான். எண்ணத்தைக் கொண்டே வினையை எடைபோடுவது நம் நெறியாதலின், இவரைக் கசாப்புக்காரரோடு வைத்து எண்ணமாட்டோம். உயிர் வாணிபம் விலக்கப்பட்டதன்றோ என்று வாதிப்பாரும் உளர். அவ்விடத்து உரையாசிரியர் மனித விற்பனை என்றே பொருள் கொள்ளுதலின், அதனை இங்கே வலிந்து இழுக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் விளைவை அறிந்து, சாவில்லாத வழி கண்முன் திறந்திருக்க, மற்றதைத் தேர்பவன் ‘எண்ணமில்லை’ என்று கைகழுவ இயலாது. சச ஜாதகத்து முயல் விருந்தினனுக்குத் தன் உடலைத் தானே ஈந்தது. ஆகவே அது தானம். இக்குட்டியிடம் இசைவு கேட்டார் யார்?

முயல் வளர்ப்போர் அனைவரையும் பழித்தல் நம் கருத்தன்று. நள்ளிரவில் எழுந்து குளிர்ந்த குட்டியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுவோர் அவருள் உளர். சுகமாய் ஈனும் என்று பெரிய பெட்டையையே நாடுவோரும் பலர். கண்காட்சி நடுவரும் பல்லும் நகமும் பாதமும் பார்த்து, குறையுள்ளதை விலக்குகிறார். நம் பேச்சு அவர் மேடைக்கு வராத குட்டிகளைப் பற்றியது. மேடையில் நிற்பது ஒன்று, உடன்பிறந்தவை எங்கே? பிறந்த அன்றே உடற்குறி பார்த்துத் தகுதி வகுப்பது எத்தன்மைத்து என்பதை நம்மவர்க்குப் பிறர் வந்து விளக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டு நகரச் சந்தைகளிலும் முயல்கள் கூண்டில் விற்கப்படுகின்றன. பிள்ளைகள் கேட்டு அழுகின்றனர். வாங்கத் துணிந்தோர் விற்பவனிடம் தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லுக. இரண்டும் குள்ளமாயின் திரும்பிவிடுக. தாய் பெரிதாயின், அவள் ஈன்ற பெரிய குட்டிகள் எங்கே என்று கேட்டு, பரிசுக்கு நில்லாத அவற்றுள் ஒன்றையே வாங்குக. அது எட்டு, பத்து ஆண்டு வாழும். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வருந்தும். பல் ஓயாது வளர்வதால் நாள்தோறும் காய்ந்த புல் கொறிக்க வேண்டும். இத்தனை ஆண்டும் புல்லும் நிழலும் தர நம் ஒற்றை அறையில் இடமுண்டா என்பதைப் பிள்ளையின் கையில் முயலைக் கொடுக்குமுன் வீட்டாரோடு அமர்ந்து பேசிக்கொள்க.