பள்ளி என்ற பெயர்

புதுக்கோட்டையில் சிறைச்சாலையோடு சேர்ந்து ஒரு பள்ளி இருக்கிறது. பார்ஸ்டல் பள்ளி என்று அதற்குப் பெயர். குற்றம் செய்த இளைஞர்களை, முதிர்ந்த கைதிகளோடு சேர்க்காமல், தனியே வைத்துத் திருத்துவதற்காக ஏற்பட்ட முறை அது. பார்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர். 1902-இல் அங்கே தொடங்கியதைப் பார்த்துச் சென்னை மாகாணம் 1925-இல் ஒரு சட்டம் செய்தது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான்களின் சமஸ்தானம். இங்கிலாந்தோ 1982-இல் அந்த முறையையே சட்டம் செய்து ஒழித்துவிட்டது. பிறந்த வீட்டில் மறைந்த பெயர், புகுந்த வீட்டில் நிலைத்துவிட்டது.

எனக்கு அந்தப் பெயரில் உள்ள இரண்டாவது சொல்லின்மீதுதான் அக்கறை. சிறை என்று சொல்லாமல் பள்ளி என்று ஏன் சொன்னார்கள்? மதில் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, காவல் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் பள்ளி என்று பெயர் வைத்தால், அது வாக்குக் கொடுத்தது போலத்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோமா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர் ஒருவர் என்னை மடக்குவார். "திருடினவனுக்கு வாத்தியார், புத்தகம், சாப்பாடு எல்லாம் சர்க்கார் தரவேண்டும் என்கிறீர்கள். திருடாமல் பட்டினி கிடந்து படிப்பை விட்ட பையனுக்கு என்ன தருவீர்கள்?" என்பார்.

இந்தக் கேள்வியில் கோபம் இருக்கிறது; அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இரண்டு கடன்களை அவர் ஒன்றாக்கிவிடுகிறார். படிப்பை விட்ட ஏழைப் பையனுக்குச் சமுதாயம் கடன்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. அடைபட்ட பையனுக்குக் கல்வியை மறுப்பதால் அந்தக் கடன் தீர்ந்துவிடுமா? ஒருவனுடைய பசி, மற்றவனுடைய இலையைப் பிடுங்கி எறிவதால் ஆறுவதில்லை. இன்னொன்றும் உண்டு. ஒரு பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துத் தன் காவலில் வைக்கும் அரசாங்கம், பெற்றவர்களின் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. திருடிய மகனை அடிக்கும் தகப்பன்கூட, மறுநாள் அவனைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் விரட்டுகிறான்.

சரி, என்ன கற்பிப்பது? தையல், தச்சு என்று உடனே சொல்லிவிடுகிறோம். கைத்தொழில் வேண்டும், வெளியே வந்தவனுக்கு அதுதான் சோறு போடும். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதில் ஓர் அலட்சியம் ஒளிந்திருக்கிறது. இவனுக்குக் கை போதும், மனம் எதற்கு என்ற எண்ணம் அது. போலீஸாரும் நீதிமன்றமும் அவனை ஒரே கேள்விதான் கேட்டிருப்பார்கள்: "என்ன செய்தாய்?" 'நான் ஏன் அப்படிச் செய்தேன்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவனுக்குச் சொற்கள் வேண்டும். அந்தச் சொற்கள் கதையிலும் கவிதையிலும் சரித்திரத்திலும் கிடைக்கின்றன. கதை படித்தவரெல்லாம் உத்தமராகிவிடுவார் என்று கதை எழுதிப் பிழைக்கிற நானே நம்பவில்லை. நன்றாகப் படித்துவிட்டு நாணயமில்லாமல் வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆயினும் தன்னைப் பற்றிச் சிந்திக்கத் தெரியாதவனிடம் திருந்து என்று சொல்வதற்கு என்ன பொருள்?

18 வயது நிரம்பாதவர்களுக்குத் தனிச் சட்டமும் தனி இல்லங்களும் இன்று இருப்பதால், பார்ஸ்டலுக்கு வருகிறவன் மீசை முளைத்த இளைஞன். அவனுக்கு எழுத்துத் தெரியவில்லை என்றால், குழந்தையின் அரிச்சுவடியை அவன் கையில் கொடுத்து உட்கார வைப்பது இன்னொரு தண்டனை. இதற்கு வழி தேடி எங்கும் போகவேண்டாம். 1991-இல் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் நடந்தது. கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள் எழுதப் படிக்கப் பழகினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள். வளர்ந்தவர்களை வளர்ந்தவர்களாக மதித்து, அவர்கள் வாழ்க்கையிலிருந்தே பாடத்தை எடுத்ததுதான் அதன் பலம். அந்த மரியாதை மதிலுக்கு உள்ளேயும் போகவேண்டும்.

ஆசிரியர் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும்? உக்ரைனில் பொல்டாவாவுக்கு அருகே 1920-இல் மகரென்கோ என்ற ஆசிரியர், குற்றம் செய்த சிறுவர்களுக்காக ஒரு குடியிருப்பை நடத்தத் தொடங்கினார். இளகிய மனிதர் அல்லர், கண்டிப்புக்காரர். ஆனால் புதிதாக வரும் சிறுவர்களின் குற்றப் பதிவுகளைப் படிப்பதையே ஒரு கட்டத்தில் அவர் நிறுத்திவிட்டார். பழையதைத் தெரிந்துகொண்டால் தம் பார்வை மாறிவிடும் என்ற எச்சரிக்கை அது. நம் நாட்டில் 2015-இன் சிறார் நீதிச் சட்டமும், விசேஷக் காரணம் இருந்தாலொழியச் சிறாரின் பழைய பதிவுகளை அழித்துப் புது வாழ்வு தொடங்க இடம் தரவேண்டும் என்பதை ஒரு கோட்பாடாகவே வைத்திருக்கிறது. 18 வயதைத் தாண்டியவனுக்குச் சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. அவன் குற்றத்தை நீதிமன்றம் மறக்க வேண்டாம். வகுப்பறையாவது ஒரு மணி நேரம் மறக்கலாம் அல்லவா?

விடுதலை நாள் பாடம் முடியும்வரை காத்திருக்காது. பாதிப் படிப்பில் வெளியே வருகிறவனை அடுத்த ஊர்ப் பள்ளியோ, தொழிற்பயிற்சி நிலையமோ அங்கிருந்தே தொடர்ந்து ஏற்கவேண்டும். அவன் கொண்டு வரும் சான்றிதழில் சிறையின் வாசனை இருக்கக் கூடாது. எங்கே படித்தாய் என்று யாராவது கேட்டால், அவன் தலை குனியாமல் 'பள்ளியில்' என்று சொல்ல முடியவேண்டும். அது பொய்யாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுடையது அல்ல. அந்தப் பெயரை வைத்த நம்முடையது.